கணக்குப் பிரிவு மேசையை ஒழுங்குபடுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய, நடுத்தர நிறுவனங்களில் கணக்குப் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. டாலி (கணக்குப் பதிவு மென்பொருள்), ஜிஎஸ்டி, சம்பளம், பேங்க், பெட்டி கேஷ் (சில்லறைச் செலவுக்கான ரொக்கம்), முதலாளியின் கார் இன்சூரன்ஸ் வரை எல்லாம் ஒரே மேசையில் வந்து விழும் இடங்களை மனதில் வைத்து எழுதியது. பெரிய கம்பெனிகளில் இதில் பாதியை வேறு ஆட்கள் பார்ப்பார்கள்; அவர்களுக்கு இந்தப் பக்கம் அவ்வளவாகப் பயன்படாது.

காலையில் ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க எட்டு மணி ஆகிறது. என்ன முடித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்க?

மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். எழுதி மட்டும் பாருங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம்: மணி, என்ன வேலை, யார் ஆரம்பித்தது. கை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி. "11.10, பார்ட்டி பேலன்ஸ், சேல்ஸ் தம்பி போன்" என்ற அளவு போதும். தாக்கல் வாரத்தில் எழுதினால் படம் கோணலாக வரும். மாதத்தில் 22-க்குப் பிறகு மூன்று நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். நாளுக்கு முப்பது வரி இருந்து, அதில் நீங்களாகத் தொடங்கியது ஐந்தாறுதான் என்றால், உங்கள் வேகத்தில் குறையில்லை. மேசை மற்றவர்கள் இழுத்த இழுப்புக்கு ஓடுகிறது. கீழே வரும் பதில்களில் பாதி, அந்த ஐந்தாறைப் பன்னிரண்டாக்குவது எப்படி என்பதைப் பற்றித்தான். இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசிக் கேள்வி வரை இது வேண்டியிருக்கும்.

டைரியில் எழுதவா, எக்செலில் போடவா, போனில் ஆப் போட்டுக்கொள்ளவா?

எது வேண்டுமானாலும் சரி, ஆனால் ஒன்றே ஒன்று. பாதி டைரியில், பாதி மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டில், மீதி வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் போட்ட மெசேஜில் என்று இருந்தால் மூன்றையும் பார்த்தால்தான் ஒரு நாள் தெரியும். யாரும் மூன்றையும் பார்ப்பதில்லை.

கணக்கு மேசைக்கு லாங் சைஸ் நோட்டு நன்றாகவே உழைக்கிறது. இடப்பக்கம் அன்று முடிக்க வேண்டியவை. வலப்பக்கம் அன்று புதிதாக வந்து விழுந்தவை. யாராவது வந்து "அந்த பார்ட்டிக்கு டிடி எடுக்கணும்" என்றால் கையிலிருக்கும் வேலையை விடாமல் வலப்பக்கம் ஒரு வரி, பக்கத்தில் கேட்டவர் பெயர், என்றைக்குள் வேண்டும் என்ற தேதி. சாயங்காலம் கிளம்பும் முன் வலப்பக்கத்தில் மிச்சமானதை எந்த நாளின் இடப்பக்கத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய ஐந்து நிமிடம். தேதி இல்லாமல் ஒரு வரிகூட நோட்டில் இருக்கக் கூடாது.

எந்தெந்தத் தேதியை முதலில் குறித்து வைப்பது?

அரசின் தேதிகள் முதலில். மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனம் என்றால்: 7-க்குள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும் (மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை), 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 14-ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து போர்டல் தரும் உங்கள் பர்ச்சேஸ் பட்டியல்) உருவாகும், 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ, 20-க்குள் 3பி (மாத வரியைக் கட்டிப் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்). வருமான வரி முன்பணம் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15-ஆம் தேதி. காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதக் கடைசி, நான்காம் காலாண்டுக்கு மே 31. அறிவிப்பு வந்து சில தேதிகள் தள்ளிப்போவது உண்டு. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் உங்கள் சொந்தத் தேதி ஒன்று. டிடிஎஸ்ஸுக்கு 5, ஜிஎஸ்டிஆர்-1-க்கு 9, பிஎஃப்-க்கு 12, 3பி-க்கு 18. இந்த இரண்டு மூன்று நாள் இடைவெளி எதற்கென்றால், பேங்க் சர்வர் படுக்கும், ஓடிபி வரும் போன் ஊரில் இருக்காது, 20-ஆம் தேதி மாலை போர்டல் இழுக்கும். நோட்டில் அரசுத் தேதியைச் சிவப்பிலும் உங்கள் தேதியை நீலத்திலும் எழுதுங்கள். நீலத்துக்குத்தான் வேலை நடக்க வேண்டும்.

அந்தத் தேதியெல்லாம் மனப்பாடம் சார். பர்ச்சேஸ் பில்லே 18-ஆம் தேதிதான் என் கைக்கு வருகிறது. நான் என்ன பண்ண?

பெரும்பாலான அலுவலகங்களில் நோய் இதுதான். கணக்குப் பிரிவு தாமதமாகிறது என்று பெயர். பில் ஸ்டோர்ஸில், டிரைவர் பாக்கெட்டில், முதலாளி கார் டாஷ்போர்டில் கிடக்கும். "எல்லா பில்லையும் அனுப்பிடுங்க" என்று குரூப்பில் பொதுவாகப் போட்டால் எல்லோரும் கட்டை விரலைக் காட்டுவார்கள், ஒரு பில்லும் வராது.

இப்படிச் செய்து பாருங்கள். வாரம் ஒரு நாள், திங்கள் என்று வைத்துக்கொள்வோம், பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, பணம் போயிருக்கிறது ஆனால் பில் இல்லை என்கிற வரிகளை மட்டும் பிரியுங்கள். இன்வர்ட் ரிஜிஸ்டர் இருந்தால், சரக்கு வந்து பில் வராதவற்றையும் சேருங்கள். பிறகு ஆளுக்கு ஆள் தனியாகக் கேளுங்கள்: "அண்ணா, 4-ஆம் தேதி ஹார்டுவேர் கடைக்கு 8,260 ரூபாய் போயிருக்கு, பில் வேணும்." தொகையும் தேதியும் சொல்லிக் கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். பில் தொலைந்தே போயிருந்தாலும் அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும், கடையில் நகல் வாங்க நாள் இருக்கும்.

இதோடு வாசல் பக்கம் ஒரே ஒரு டிரே வையுங்கள். பில் கொண்டுவருபவர் உங்கள் கையில் தரக் கூடாது, டிரேயில்தான் போட வேண்டும். கையில் வாங்கினால் அந்த நிமிடமே பதிவு போடத் தோன்றும், பாதியில் இருந்த வேலை நிற்கும். டிரேயை நீங்கள் எடுப்பது நாளுக்கு இரண்டு முறை, 12 மணிக்கும் 4 மணிக்கும்.

பாதி பில் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வருகிறதே, அதற்கு எந்த டிரே?

அதற்கும் ஒரே வாய்தான் இருக்க வேண்டும். உங்கள் சொந்த நம்பருக்கு வர விடாமல், "பில் மட்டும்" என்ற பெயரில் தனி குரூப். அதில் காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து எதுவும் கூடாது. முதல் வாரத்தில் நாலு பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லிவிடுங்கள். அனுப்புபவர்கள் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பப் பழக்குங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், ஜிஎஸ்டி நம்பரில் 8-ம் பி-யும் ஒன்றுபோலத் தெரியும்.

முந்தைய பதிலில் சொன்ன 12 மணி, 4 மணி வேளையில் இதையும் திறந்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டு, குரூப்பில் அந்தப் படத்துக்கே ஒரு டிக் குறி போடுங்கள். டிக் இல்லாத படம் இன்னும் எடுக்கப்படவில்லை என்று இரண்டு பக்கமும் தெரியும். பெட்ரோல் பங்க், ஓட்டல் தெர்மல் பில்களுக்கு இந்த வழி அவசியம்: அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கும், பிளாஸ்டிக் கவருக்குள் போட்டால் இன்னும் சீக்கிரம். படம் எடுத்து நகலும் போட்டு, நகலோடு பின் செய்து வையுங்கள்.

ஃபைலுக்கு என்ன பேர் வைப்பது? தேடினால் "ஸ்கேன் 0047" என்று நூறு வருகிறது.

வருடம், மாதம், நாள், பிறகு பார்ட்டி, பிறகு பில் நம்பர், கடைசியில் தொகை. "2025-07-18 முருகன் டிரேடர்ஸ் 145-25-26 ரூ8260" மாதிரி. நாளை முதலில் வைத்து 18-07-2025 என்று எழுதினால் கம்ப்யூட்டர் எல்லா மாதத்து 18-ஆம் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும். வருடத்தை முன்னால் வைத்தால் தானாகவே காலவரிசையில் நிற்கும். பில்லில் 145/25-26 என்று சாய்கோடு இருக்கும்; விண்டோஸ் ஃபைல் பெயரில் சாய்கோட்டை ஏற்காது, எனவே எல்லாவற்றுக்கும் சிறுகோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சிறுகோடு, இன்னொருவர் அடிக்கோடு என்று போட்டால் தேடும்போது பாதி வராது.

ஃபோல்டர் ஆழம் மூன்றைத் தாண்ட வேண்டாம்: நிதியாண்டு, மாதம், வகை. பார்ட்டிவாரி ஃபோல்டர் போட ஆசை வரும். 200 பார்ட்டி இருந்தால் 200 ஃபோல்டர், அதில் 120-ல் ஒரே ஒரு பில். பெயரில்தான் பார்ட்டி இருக்கிறதே, தேடினால் வந்துவிடும்.

மேசை மேல் காகிதம் மலையாக இருக்கிறது. அடுக்கினால் மறுபடியும் இரண்டு நாளில் அப்படியே ஆகிவிடுகிறது.

அடுக்குவதால்தான். தொழிற்சாலைகளில் ஜப்பானியர்களின் ஐந்து எஸ் முறையைப் பார்த்திருப்பீர்கள். அதில் முதல் படி வேண்டாததைக் கழிப்பது, அடுக்குவது இரண்டாவது படிதான். மேசையில் இருக்கும் ஒவ்வொரு காகிதமும் நான்கில் ஒன்று: பதிவு போட வேண்டியது, யாரிடமோ பதிலுக்குக் காத்திருப்பது, ஃபைலில் போக வேண்டியது, குப்பை. "காத்திருப்பது" என்பதற்குத் தனி கிளிப்போர்டு வையுங்கள். அது மற்றவற்றோடு கலப்பதால்தான் ஒரே காகிதத்தை நாளுக்கு ஐந்து தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கிறீர்கள்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிறார்களே, நம் வேலைக்கு ஒத்துவருமா?

தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து இத்தாலியர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் வகுத்த முறை அது. கணக்கு வேலையில் சிலவற்றுக்கு நன்றாக ஒத்துவரும், சிலவற்றுக்கு வராது. பர்ச்சேஸ் பில் பதிவு, பேங்க் டிக் அடிப்பது போன்ற ஒரே மாதிரி வேலைக்கு 25 நிமிடம் சரி. கண் களைக்கும் முன் நிறுத்திவிடலாம். சம்பளக் கணக்கு, 2பி-யை டாலியோடு ஒப்பிடுவது போன்றவற்றில் தலைக்குள் ஏற்றிக்கொள்ளவே பத்து நிமிடம் ஆகும். அங்கே 50 நிமிடத்துக்குக் கீழே வைத்தால் ஏறியதெல்லாம் இறங்கிவிடும்.

கடிகாரத்தை விட முக்கியம், எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்பது. பாதி வவுச்சரில் எழுந்துபோகாதீர்கள். எழ வேண்டியே வந்தால் கடைசியாகப் போட்ட பில்லின் மேல் பென்சிலால் ஒரு கோடு. திரும்பி வந்து "இதைப் போட்டேனா இல்லையா" என்று தேடும் நேரம் மிச்சம், ஒரே பில்லை இரண்டு முறை போடும் ஆபத்தும் இல்லை.

முதலாளி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார். அவரிடம் போய் "நான் பிஸி" என்று சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். அவர் எதற்குக் கூப்பிடுகிறார் என்று முதல் கேள்வியில் சொன்ன தாளில் பாருங்கள். பெரும்பாலும் மூன்றே கேள்விதான் வேறு வேறு வடிவில் வரும்: பேங்கில் எவ்வளவு இருக்கிறது, யாரிடமிருந்து பணம் வர வேண்டும், இன்று யாருக்குக் கொடுக்க வேண்டும். இதற்கு அவர் கேட்கும் முன் பதில் போய்விட்டால் கூப்பிடுவது பாதியாகக் குறையும்.

தினமும் 10.15-க்கு அவர் வாட்ஸ்அப்புக்கு ஐந்து வரி: ஒவ்வொரு பேங்க் பேலன்ஸ், நேற்று வந்த வசூல், இன்று பாஸாக வேண்டிய செக், 45 நாளைத் தாண்டிய பாக்கியில் பெரிய மூன்று, அவர் கையெழுத்தோ ஓடிபியோ வேண்டிய வேலை. பேங்க் பேலன்ஸில், கொடுத்துவிட்டுப் பாஸாகாத செக்கைக் கழித்த தொகையைத் தனியாகப் போடுங்கள். பேங்க் காட்டும் தொகையை மட்டும் பார்த்துச் செலவுக்குச் சொல்லிவிடுவதால்தான் செக் திரும்புகிறது. ஒரு மாதம் விடாமல் அனுப்பிய பிறகு, "காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை பதிவு போட்டுக்கிறேன் சார், அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாளே கேட்டால் கிடைக்காது.

தினமும் பன்னிரண்டு வேலை எழுதுகிறேன், நாலு முடிகிறது. மறுநாள் அதையே திருப்பி எழுதுகிறேன். எழுதவே வெறுப்பாக இருக்கிறது.

நாலு முடிகிறது என்றால் நாலு எழுதுங்கள். உங்கள் மூன்று நாள் தாளில் உங்களுக்கென்று கிடைத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் மூன்றரைதான் தேறுகிறது என்றால் இடப்பக்கம் மூன்று மணி நேர வேலைக்கு மேல் எழுதக் கூடாது. வலப்பக்கம் தானாக நிரம்பிக்கொள்ளும்.

மூன்றாவது நாளும் தள்ளிப்போகும் வேலை ஒன்று எப்போதும் இருக்கும். பெரும்பாலும் அது ஒரு வேலையாக இருக்காது, நாலு வேலையின் தலைப்பாக இருக்கும். "வெண்டர் கணக்கு சரிபார்ப்பு" என்று எழுதினால் கை போகாது. "பெரிய ஐந்து சப்ளையரிடம் லெட்ஜர் கேட்டு மெயில்" என்று எழுதினால் இருபது நிமிடத்தில் முடியும்.

பெட்டி கேஷ் ஒருநாளும் ஒத்துவருவதில்லை. தினமும் அரை மணி நேரம் அதிலேயே போகிறது.

கேட்டபோதெல்லாம் பேங்கில் எடுத்து வைப்பதை நிறுத்தி, நிலையான தொகைக்கு மாறுங்கள். வாரச் செலவு சுமார் 4,000 என்றால் 5,000 ரூபாயைப் பெட்டியில் வையுங்கள். எந்த நிமிடத்தில் திறந்தாலும் ரொக்கமும் வவுச்சரும் சேர்ந்து 5,000 வர வேண்டும். வாரக் கடைசியில் வவுச்சர் தொகை 3,740 என்றால் சரியாக 3,740 எடுத்து நிரப்புங்கள், முழு எண்ணாக 4,000 எடுக்காதீர்கள்.

ஒத்துவராமல் போவது பெரும்பாலும் முன்பணத்தில்தான். டிரைவருக்கு 500 கொடுத்து, பில் வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விடுவது. கொடுக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் அவர் கையெழுத்தோடு பெட்டிக்குள் போடுங்கள், பில் வந்ததும் சீட்டைக் கிழித்துவிடலாம்.

பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் ஸ்டேட்மென்ட்டை நம் கணக்கோடு ஒப்பிடுவது) ஆடிட் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் மேனேஜர். சரிதானா?

சரியில்லை. வாரா வாரம் செய்தால் நாற்பது வரி, அரை மணி நேரம். வருடக் கடைசியில் இரண்டாயிரம் வரி, அதில் "யுபிஐ 1,500" என்று மட்டும் இருக்கும் வரவு யாருடையது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. செக்குக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்பதால், பார்ட்டி போடாமல் வைத்திருக்கும் செக்கும் வாரம் பார்ப்பதில்தான் தென்படும். நாலாவது கேள்வியில் சொன்ன திங்கட்கிழமை ஸ்டேட்மென்ட் வேலையும் இதுவும் ஒன்றே. ஒரே உட்காரலில் இரண்டும் முடியும்.

14-ஆம் தேதி 2பி வருகிறது, 20-க்குள் 3பி. அந்த ஆறு நாள் செத்துப் பிழைக்கிறோம். வழி உண்டா?

14-க்கு முன்பே பாதி வேலையை முடிக்கலாம். முந்தைய மாத பர்ச்சேஸ் பதிவு முழுவதும் 10-க்குள் டாலியில் இருந்தால், 2பி வந்ததும் மிச்சம் இருப்பது ஒப்பிடுவது மட்டும். பலர் 14-ஆம் தேதிதான் பதிவே போட ஆரம்பிக்கிறார்கள். 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ்-ஸில் (பில்லை ஏற்கவோ நிராகரிக்கவோ ஜிஎஸ்டி போர்டலில் உள்ள பகுதி) சப்ளையர் ஏற்றிய பில்கள் அதற்கு முன்பே தெரியும். வாரம் ஒருமுறை பார்த்து, உங்களுடையது அல்லாததை நிராகரித்துவிடுங்கள். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு.

ஒப்பிடும்போது மூன்று குவியலாகப் பிரியுங்கள். இரண்டிலும் இருப்பவை, உங்களிடம் மட்டும் இருப்பவை, 2பி-யில் மட்டும் இருப்பவை. இரண்டாவது குவியலில் வரித் தொகை பெரிதாக உள்ள பத்து சப்ளையருக்கு மட்டும் 15-ஆம் தேதி போன் போடுங்கள். 11-க்குப் பிறகு அவர் தாக்கல் செய்தால் உங்களுக்கு அடுத்த மாத 2பி-யில்தான் வரும், எனவே போன் இந்த மாதத்துக்காக அல்ல, அடுத்த மாதமும் விடாமலிருக்க. உங்கள் விற்பனையில் ஏதாவது ஜிஎஸ்டிஆர்-1-ல் விட்டுப்போயிருந்தால், 3பி போடும் முன் 1ஏ-வில் (ஜிஎஸ்டிஆர்-1-ஐத் திருத்தும் படிவம்) சேர்க்கலாம். அதற்காகவும் 18 என்ற நீலத் தேதியைக் காப்பாற்றுங்கள்.

நான் இரண்டு நாள் லீவு போட்டால் இருபது போன் வருகிறது. கல்யாணத்துக்குக்கூடப் போக முடியவில்லை.

ஒரே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எந்த ஃபைல் எந்த அலமாரியில், எந்த ஃபோல்டரில், எந்தத் தேதியில் என்ன கட்ட வேண்டும், ஓடிபி எந்த நம்பருக்குப் போகும், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் எங்கே இருக்கிறது, அது எப்போது காலாவதியாகும், ஆடிட்டர் அலுவலகத்தில் யாரிடம் பேசுவது. பாஸ்வேர்டை அந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள். மூடிய கவரில் முதலாளியிடம் இருக்கட்டும். எழுதி முடித்த பிறகு பக்கத்து மேசை ஆளிடம் கொடுத்து, உங்களைக் கேட்காமல் ஒரு பழைய பில்லை எடுக்கச் சொல்லுங்கள். எங்கே திணறுகிறாரோ அங்கே ஒரு வரி சேர்க்க வேண்டும்.

டாலி பேக்கப் தினமும் கிளம்பும் முன். டாலி பிரைமில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் பேக்கப் வரும். பேக்கப் எடுத்த பென்டிரைவ் அதே கம்ப்யூட்டரிலேயே செருகி இருந்தால், வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பழைய ஃபைலையெல்லாம் எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்? இடமே இல்லை.

ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம். 2024-25 கணக்குக்குக் கெடு 2025 டிசம்பர் 31. எனவே 2031 டிசம்பர் 31 வரை. பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிச் சட்டப்படி எட்டு ஆண்டு. வழக்கோ நோட்டீஸோ இருக்கும் ஆண்டை மட்டும் தனியாகக் கட்டி, கயிற்றில் அட்டை போட்டு வையுங்கள். அதை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. பெட்டியின் முகப்பில் "2024-25, பர்ச்சேஸ், 2032 ஜனவரியில் கழிக்கலாம்" என்று கட்டும்போதே எழுதுங்கள் (பிரைவேட் லிமிடெட் என்றால் எட்டு ஆண்டைக் கணக்கிட்டு). ஏழு வருடம் கழித்து யாரும் கணக்குப் போட மாட்டார்கள்.

ஐந்து கம்பெனிக்குப் பார்ட் டைமாகப் பார்க்கிறேன். கம்பெனி கம்பெனியாக முடிப்பதா, வேலை வேலையாக முடிப்பதா?

பதிவு போடுவது கம்பெனி வாரியாக, தாக்கல் செய்வது வேலை வாரியாக. பில் போடும்போது அந்த நிறுவனத்தின் பார்ட்டிகள் தலைக்குள் இருக்க வேண்டும். தாவித் தாவிப் போட்டால் ஒரு கம்பெனி பில் இன்னொன்றில் ஏறும். ஜிஎஸ்டிஆர்-1 மாதிரி போர்டல் வேலையில் படிகள் எல்லாருக்கும் ஒன்றே, ஐந்தையும் ஒரே காலையில் முடிக்கலாம். ஒரே பிரவுசரில் இரண்டு கம்பெனியை ஒரே நேரத்தில் திறக்காதீர்கள், லாகின் குழம்பும்; கம்பெனிக்கு ஒரு பிரவுசர் புரொஃபைல் உருவாக்கி வேறு நிறம் கொடுத்துவிட்டால் பார்த்த உடனே தெரியும்.

ஏற்கெனவே மூன்று மாதம் பதிவு பாக்கி. புதிதாக ஒழுங்கு வந்தாலும் இந்தப் பழைய பாக்கியை என்ன செய்ய?

முதலில் ரிட்டர்னும் பாக்கியா, டாலிப் பதிவு மட்டும் பாக்கியா என்று பாருங்கள். ரிட்டர்ன் பாக்கி என்றால் பழையதுதான் முதலில்: முந்தைய மாத 3பி போடாமல் அடுத்ததைப் போட போர்டல் விடாது. தொடர்ந்து இரண்டு மாதம் 3பி விட்டால் இ-வே பில் (சரக்கு ஏற்றிச் செல்லத் தேவையான மின்னணுச் சீட்டு) எடுப்பதே முடங்கும், லோடு கேட்டில் நிற்கும்.

பதிவு மட்டும் பாக்கி என்றால் நேர் எதிர். நடப்பு மாதத்தை அன்றன்று போட்டு, பழையதற்குத் தினமும் ஒரு மணி நேரம். ஒரு சாதாரண பர்ச்சேஸ் பில்லுக்கு வரியைச் சரிபார்ப்பதோடு இரண்டு நிமிடம் என்று வைத்தால், 600 பில்லுக்கு 20 மணி நேரம், அதாவது இருபது வேலை நாள். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரே மூச்சில் முடிக்கிறேன் என்று உட்காருவதை விட இது பிழைக்கும். ஐந்தாவது மணி நேரத்தில் போட்ட பில்லைத்தான் பிறகு ஆடிட்டர் வட்டம் போட்டுக் கொண்டுவருவார். பழையதில் நவம்பர் 30-ஐ மறக்காதீர்கள்: முந்தைய நிதியாண்டின் பில்லுக்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியின் கழிவு) எடுக்க அதுதான் எல்லை, வருடாந்திர ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அந்த நாளோடு முடிந்தது.

ஒரே நாளில் எல்லாம் வந்து முட்டுகிறது. எதைத் தவற விட்டால் அடி குறைவு?

தவற விடச் சொல்லவில்லை. வரிசை தெரிய வேண்டும் என்பதற்காகக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஜூன் 28-இல் பிடித்த டிடிஎஸ் 40,000 ரூபாயை ஜூலை 7-க்குப் பதில் 8-ஆம் தேதி கட்டினால், வட்டி மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம். ஜூன், ஜூலை என இரண்டு மாதம், ஆக 1,200 ரூபாய். ஒரே ஒரு நாள் தாமதத்துக்கு.

ரொக்கமாகக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி 1,20,000-ஐ ஐந்து நாள் கழித்துக் கட்டி 3பி போட்டால், ஆண்டுக்கு 18 சதவீதத்தில் வட்டி சுமார் 296, தாமதக் கட்டணம் நாளுக்கு 50 வீதம் 250. மொத்தம் 546. மூன்று மடங்கு பெரிய தொகை, ஐந்து மடங்கு தாமதம், பாதிக்கும் குறைந்த செலவு. 7-ஆம் தேதியை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, 20-ஐக் கண்டு நடுங்குகிறார்கள்.

தேதி தவறியே விட்டால், முதலாளியிடம் அன்றே இந்த மாதிரி தொகையோடு சொல்லுங்கள். "லேட் ஆயிடுச்சு சார்" என்பதை விட "546 ரூபாய் சேர்த்துக் கட்டணும், பில் 19-ஆம் தேதி வந்தது" என்பது பேச எளிது. வந்த தேதியைச் சொல்ல, டிரேயில் எடுக்கும்போதே பில்லின் பின்புறம் தேதி முத்திரை குத்தியிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தேன். அப்படியும் வேலை தீரவில்லை. என்னிடம்தான் குறையா?

எண்ணிப் பாருங்கள். மாதத்துக்கு எத்தனை விற்பனை பில், எத்தனை பர்ச்சேஸ், எத்தனை பேங்க் வரி, எத்தனை பேருக்குச் சம்பளம். ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு ஆகும் நிமிடம். உதாரணமாக 700 பர்ச்சேஸுக்கு இரண்டு நிமிடம் என்றால் 23 மணி நேரத்துக்கு மேல், 900 விற்பனைக்கு ஒரு நிமிடம் என்றால் 15, பேங்கும் ரீகன்சிலியேஷனும் 12, தாக்கல்களுக்கு 16, சம்பளமும் பிஎஃப்பும் 10, வசூல் போன்கள் 20. கிட்டத்தட்ட 96 மணி. முதல் தாளில் உங்களுக்கென்று நாளுக்கு மூன்றரை மணி என்று வந்திருந்தால், 25 நாளுக்கு 87 மணிதான்.

அந்த ஒன்பது மணி நேரம் எந்த நோட்டிலும் கிடைக்காது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கொண்டுபோங்கள், மூன்று நாள் தாளோடு. வசூல் போனை சேல்ஸ் பக்கம் மாற்றுவதா, விற்பனை பில்லை பில்லிங் கவுன்டரிலேயே டாலியில் போட வைப்பதா, அரை நாளுக்கு ஒரு ஆள் வைப்பதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்பதற்கு நல்ல நாள் 22 அல்லது 23; தாக்கல் முடிந்திருக்கும், சம்பளப் பேச்சு இன்னும் ஆரம்பித்திருக்காது.